மேஜைக்கு அடியில் இருக்கும் பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போக்கர் கிளப் நடத்துவது சூதாட்டக் குற்றமா இல்லையா என்று சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்று பேசியே அரைப் பக்கமும் தீர்ந்துவிட்டது. கிளப்பை நடத்துகிறவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்று ஒரு வரி இல்லை. தலைப்பு என்னவோ 'நடத்துவது குற்றமா' என்றுதான் இருந்தது. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் வக்கீல் இல்லை. தஞ்சாவூர் மாவட்டத்தில் நாலைந்து குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து 2011ல் ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் ஊர் மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடுகிறவன். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யாராவது கண்டுபிடித்து எழுதினால் அசிங்கம்.

என் காலத்தில் சீட்டாட்ட வழக்கு என்றால், சுருக்க விசாரணை வழக்குகளைப் பதியும் எஸ்.டி.சி. ரிஜிஸ்டரில் ஒரு வரி. மாதத்துக்கு எட்டு, பத்து வரும். பொங்கல், தீபாவளிக்கு இரண்டு மடங்காகும். குற்றப்பத்திரிகையை நான் பார்க்காமலே ஒப்பிப்பேன்: ரோந்து சென்றபோது, இன்ன வாய்க்கால் கரையில், புளியமரத்தடியில், ஆறு நபர்கள் வட்டமாக உட்கார்ந்து பணம் வைத்து வெட்டுச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ரொக்கம் 340 ரூபாய், சீட்டுக்கட்டு ஒன்று, பழைய துண்டு ஒன்று. ஊர் மாறும், தேதி மாறும், புளியமரம் மட்டும் மாறாது. ஒருமுறை புதிதாக வந்த நடுவர், சான்றுப் பொருளை எண்ணிப் பார் என்றார். எண்ணினேன். 51 சீட்டுதான் இருந்தது. இன்னொன்று எங்கே என்று ஏட்டைக் கேட்டார். ஏட்டு விழித்தார். குற்றவாளிக் கூண்டில் இருந்து ஒருவர், "ஆர்ட்டின் ராணிங்கய்யா. அது போன தீபாவளிக்கே காணாமப் போச்சு" என்றார். நடுவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்க, ஆறு பேரும் ஆமாம் என்றார்கள். அபராதத்தைக் கட்டிவிட்டு, பஸ்ஸுக்குக் காசு குறைகிறது என்று என்னிடமே பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த ஆறு பேரில் யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. மரத்துக்கு வாடகை கிடையாது. 340 ரூபாய் ஆறு பேருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் பொது இடம், அதனால் குற்றம். சட்டப்படி சரிதான், நான் மறுக்கவில்லை.

கிளப் வழக்கு அபூர்வமாக வரும். அது வந்தால் நீதிமன்றத்தின் முகமே மாறிவிடும். இஸ்திரி போட்ட சட்டையோடு பன்னிரண்டு பேர், மாவட்டத் தலைநகரிலிருந்து வந்த மூத்த வக்கீல், அவருடைய ஜூனியர் கையில் காகிதம் செருகிய தீர்ப்புத் தொகுப்பு. அந்தக் காகிதம் செருகிய பக்கம் எனக்கு மனப்பாடம். ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் நடந்த வழக்கு, 1968ஆம் ஆண்டுத் தொகுப்பு, உச்ச நீதிமன்றம், எழுதியவர் நீதிபதி இதயத்துல்லா. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் போலீஸ் புகுந்து, ரம்மி ஆடியவர்களையும் நிர்வாகிகளையும் பிடித்த வழக்கு. மூன்று சீட்டு ஆட்டம் முழுக்க அதிர்ஷ்டம், ரம்மி அப்படி இல்லை, விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை விடுவது என்று யோசிக்க வேண்டும், அதனால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று அதில் எழுதியிருக்கிறார். வக்கீல் இதைக் கணீரென்று படிப்பார். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்.

மூடிய இடத்துக்கு அப்புறமும் தீர்ப்பில் விஷயம் இருக்கிறது. மேஜைக்கும் இருக்கைக்கும், நேரம் தாண்டி உட்கார்ந்தால் அதற்கும், கிளப் ஒரு கட்டணம் வாங்குவது வழக்கமானதுதான், அதை வைத்தே சூதாட்ட விடுதி என்று சொல்லிவிட முடியாது என்கிறார். அடுத்தபடியாக, பணம் வைத்து ஆடும் ரம்மியிலிருந்தோ வேறு ஆட்டத்திலிருந்தோ வீட்டுக்காரரோ கிளப்போ லாபம் எடுப்பதற்குச் சான்று இருந்தால் குற்றத்தை நிரூபிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். முதல் பாதியை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. இரண்டாம் பாதியை அரசு வக்கீல்கூட எழுந்து படித்து நான் கேட்டதில்லை. போலீசும் அதற்கான சான்றைக் கொண்டுவந்ததில்லை. சீட்டையும் காசையும் அள்ளிக்கொண்டு வருவார்கள். கிளப்பின் கணக்கு நோட்டை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள்.

நம் மாநிலத்தில் இதற்கான சட்டம் 1930ல் வந்த தமிழ்நாடு சூதாட்டச் சட்டம். சென்னைக்கு மட்டும் 1888ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டம். 1930 சட்டம் பொதுச் சூதாட்ட விடுதி என்பதற்குச் சொல்லும் விளக்கத்தைப் பாருங்கள். சீட்டோ தாயக்கட்டையோ வேறு கருவியோ வைத்து, அந்த இடத்தை வைத்திருப்பவருடைய லாபத்துக்காக அது பயன்பட்டால் அது சூதாட்ட விடுதி. வீடோ அறையோ கூடாரமோ, படகானாலும் சரி. என்ன ஆட்டம் என்ற கேள்வி அங்கே இல்லை. யாருக்கு லாபம் என்பதுதான் கேள்வி. அப்புறம் பதினோராவது பிரிவு வந்து, வெறும் திறமை ஆட்டங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று கதவைத் திறந்துவிடுகிறது. 'வெறும் திறமை' என்பதைப் 'பெரும்பாலும் திறமை' என்று படித்துக்கொள்ள வேண்டும் என்று 1996ல் கிண்டி குதிரைப் பந்தய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றிலிருந்து எல்லாக் கூட்டமும் அந்தக் கதவில்தான் நிற்கிறது. விளக்கப் பிரிவின் பக்கம் ஈ எறும்பு இல்லை.

சரி, போக்கருக்கு வருகிறேன்.

என் தங்கை மகன் சென்னையில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறான். கணக்கில் புலி. நாலு வருஷமாக போனில் போக்கர் ஆடிக்கொண்டிருந்தான், வீட்டுக்குத் தெரியாது. 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் கூடாது, நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம் என்று சட்டம். ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை, நடத்துகிறவனுக்குத்தான். ஆப்புகள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடையை மூடின. இவன் என்ன செய்தான்? ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு, மேஜை போட்டு ஆடும் இடத்தைத் தேடிப் போய்விட்டான். அந்தச் சட்டம் இணையத்துக்குத்தான், மேஜைக்கு இல்லை.

மார்கழியில் கண் பரிசோதனைக்காகச் சென்னை போயிருந்தபோது, "வாங்க மாமா, நீங்க ஆடுற ரம்மிக்கு இது பெரியண்ணன்" என்று கூட்டிக்கொண்டு போனான். எந்த இடம், எந்தப் பெயர் என்று எழுத மாட்டேன். நான்கு மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி, கீழே ஒரு மருந்துக் கடை. வாசலில் ஆதார் நகல் வாங்கிக்கொண்டு, ஒரு நாள் உறுப்பினர் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதன் தலையில் விளையாட்டு, பண்பாட்டுச் சங்கம் என்று அச்சடித்திருந்தது. ஆடுவதற்கான பணத்தை ஒரு போன் நம்பருக்கு ஜிபே பண்ண வேண்டும். பதிலுக்குப் பிளாஸ்டிக் வில்லைகள், சிப்ஸ் என்கிறார்கள். உள்ளே ரொக்கம் ஒரு ரூபாய் கண்ணில் படவில்லை. என் காலத்து ஏட்டு அங்கே வந்திருந்தால் மகஜரில் என்ன எழுதுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

முட்டை வடிவ மேஜை, பச்சைத் துணி, எட்டு நாற்காலி. சீட்டுப் போட ஒரு பெண், கழுத்து வரை பட்டன் போட்ட கறுப்புச் சட்டை. ஏசி, டீ, சிக்கன் 65 எல்லாம் இலவசம். ஆளுக்குப் பத்தாயிரத்துக்கு சிப்ஸ் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டுக் கவிழ்த்துத் தருகிறார்கள், நடுவில் ஐந்து சீட்டுப் பொதுவாக விரிகிறது, முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் காசு ஏற்றலாம், அல்லது சீட்டை வீசிவிட்டு ஒதுங்கலாம்.

திறமை இருக்கிறதா? இருக்கிறது ஐயா, சந்தேகமே வேண்டாம். என் மருமகன் பத்து ஆட்டத்தில் எட்டில் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு டீயைக் குடித்தான். ஒன்பதாவதில், எதிரே இருந்தவர் ராஜா ஜோடி வைத்திருக்க, இவன் ஒன்றுமில்லாத ஏழையும் எட்டையும் வைத்துக்கொண்டு மூன்றாயிரத்தை முன்னால் தள்ளினான். அவர் இவன் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ராஜாக்களை வீசிவிட்டார். சீட்டைக் காட்டாமலே ஜெயிக்கிற ஆட்டத்தை நான் முதல்முறையாகப் பார்த்தேன். ரம்மியில் இது நடக்காது. கையில் சேரவில்லை என்றால் சேரவில்லைதான். அந்த வகையில் ரம்மியைவிடப் போக்கருக்கு மூளை கொஞ்சம் கூடவே வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கிளப்பில் என் கூட்டாளிகள் இதற்காகச் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆட்டத்தை இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும், ஜெயித்தவர் பக்கம் சிப்ஸைத் தள்ளுவதற்கு முன்னால், அந்தப் பெண் குவியலில் இருந்து ஒன்றோ இரண்டோ எடுத்துத் தன் முன்னால் மேஜையில் இருந்த ஒரு கீறலுக்குள் போட்டாள். அடியில் ஒரு பெட்டி, கோயில் உண்டியல் மாதிரி. டக் என்று சத்தம். யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மருமகனிடம் கேட்டேன். "அது ரேக் மாமா. கிளப்புக்கு" என்றான். குவியலில் நூற்றுக்கு ஐந்து. நடுச் சீட்டு விரிவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டால் எடுப்பதில்லை.

கோர்ட்டில் பழகிய கை. டைரியை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை 26 ஆட்டம். அதில் 19 ஆட்டத்தில் டக் சத்தம். மொத்தம் 2,350 ரூபாய் கீறலுக்குள் போனது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு மேஜைக்கு இவ்வளவு. அங்கே அப்படி மூன்று மேஜை. இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை மூன்று வரை ஆடுவார்களாம். ஆறு மணி நேரம் என்றால் ஒரு மேஜைக்கு 14,100. எட்டுப் பேர் கொண்டுவந்தது எண்பதாயிரம். எட்டுப் பேரும் ஒன்றுபோலத் திறமைசாலிகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு எழும்போது ஆளுக்கு 1,762 ரூபாய் குறைந்திருக்கும். யாரிடமும் தோற்கவில்லை, ஆனால் குறைந்திருக்கும். மேஜையைச் சுற்றி எட்டு நாற்காலி, ஒன்பதாவது ஆள் மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குச் சீட்டுக் கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது, திறமையும் வேண்டாம். ராத்திரி முழுக்க ஜெயிக்கிறவன் அவன் ஒருவன்தான்.

என் மருமகன் ஜெயிக்கிற ஆள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆடிட்டர் ஆபீஸ் புத்தி, நோட்டு வைத்திருக்கிறான். அந்த இடத்தில் உட்கார ஆரம்பித்த மூன்று மாதத்தில் 22,000 ரூபாய் லாபம். அவன் ஜெயித்த குவியல்களில் மட்டும் பெட்டி எடுத்தது எவ்வளவு என்று கேட்டேன். அவன் அதை எழுதி வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, தோராயமாகக் கணக்குப் போட்டான். முப்பதாயிரத்தைத் தாண்டியது. பேனாவை மூடிவிட்டு, "பரவாயில்ல மாமா, ஏசி போடுறாங்கல்ல" என்றான்.

அந்த மேஜையில் இன்னொரு பையனும் இருந்தான், இருபத்தைந்து வயதிருக்கும். பதினொரு மணிக்குள் அவன் சிப்ஸ் இரண்டு தடவை தீர்ந்தது. இரண்டு தடவையும் ஓரமாக நின்ற மேலாளரைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினான். சிப்ஸ் வந்தது, ஜிபே எதுவும் நடக்கவில்லை. கடன். குவியலில் நூற்றுக்கு ஐந்து எடுக்கிறவனுக்குக் குவியல் பெரிதாக இருக்க வேண்டும், ஆட்டம் நிற்காமல் ஓட வேண்டும். அதற்குக் கடன் கொடுத்தாவது ஆளை நாற்காலியில் பிடித்து வைக்க வேண்டும். நாற்காலிக்கு மணிக்கு நூறு ரூபாய் என்று மட்டும் வாங்குகிறவனுக்கு, நீ நூறு ரூபாய்க்கு ஆடினாலும் ஒன்று, லட்ச ரூபாய்க்கு ஆடினாலும் ஒன்று. அவன் எதற்குக் கடன் கொடுக்கப் போகிறான்?

திரும்பி வரும்போது காரில் மருமகன் என்னை விடவில்லை. "அமெரிக்காவுல ஜட்ஜே போக்கர் திறமைனு சொல்லிட்டார் மாமா" என்று போனை நீட்டினான். நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவு என்ற பகுதியில், எலெக்ட்ரிக் சைக்கிள் விற்கும் கிடங்கின் பின்னறையில் ஒருவர் போக்கர் மேஜை போட்டு, இதே நூற்றுக்கு ஐந்து எடுத்தார். வழக்கு நீதிபதி ஜாக் வெயின்ஸ்டைனிடம் வந்தது. 2012ல் அவர் நிபுணர்களின் புள்ளிவிவரமெல்லாம் பார்த்து, நூறு பக்கத்துக்கு மேல் தீர்ப்பெழுதி, போக்கரில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று அவரை விடுவித்துவிட்டார். மருமகன் அதோடு போனை வாங்கப் பார்த்தான். கீழே தள்ளு என்றேன், பழைய வக்கீல் ஞாபகம் வந்தது. அடுத்த வருஷமே, 2013ல், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்திருக்கிறது. வழக்குப் போட்ட அமெரிக்க மத்தியச் சட்டம் சூதாட்டத் தொழில் நடத்துவதைப் பற்றியது, மாநிலச் சட்டத்துக்கு விரோதமாகத் தொழில் நடந்ததா என்றுதான் பார்க்க வேண்டும், ஆட்டத்தில் திறமை எத்தனை பங்கு என்ற ஆராய்ச்சி அங்கே தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் 1930 சட்டத்தின் விளக்கப் பிரிவைப் பற்றிச் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினான்.

நம் நாட்டில் இந்தத் திறமைக் கேள்விக்கு ஊருக்கொரு பதில். மேற்கு வங்கத்தில் 1957ஆம் ஆண்டுச் சட்டமே போக்கரையும் ரம்மியையும் சூதாட்டத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2013ல், திறமை ஆட்டமாக ஆடினால் லைசென்ஸே வேண்டாம் என்றது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017ல் போக்கர் சூதாட்டம்தான் என்றது. அதே 52 சீட்டு, அதே ஐந்து பொதுச் சீட்டு. ரயிலேறி மாநிலம் மாறினால் திறமை அதிர்ஷ்டமாகிவிடுகிறது. இங்கே நம் நிலைமை இன்னும் விசித்திரம். 2012ல் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியே ஆனாலும் பணம் வைத்தால் சூதாட்டம் என்றது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2015ல் மூல மனுவே திரும்பப் பெறப்பட்டதால் தீர்ப்பின் கருத்துகளும் அதோடு போயின. 2021ல் இணைய ஆட்டத் தடையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று அட்டவணை போட்டார்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டு, இரண்டும் திறமை ஆட்டம் என்று அந்த அட்டவணையை மட்டும் ரத்து செய்தது. அதுவும் இணைய ஆட்டத்துக்கான சட்டம். மேஜைக்கு மறுபடியும் 1930தான், சென்னை என்றால் 1888.

இனிமேலும் போக்கர் திறமையா என்று நூறு பக்கம் எழுதினால் நூற்றோராவது பக்கத்தில் வேறொருவர் மறுத்து எழுதுவார். பெட்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை. கீறல் இருக்கிறதா, எண்ணிக்கை என்ன, யார் பாக்கெட்டுக்குப் போகிறது. ஓர் ஏட்டு பார்த்து எழுதிவிடலாம்.

வக்கீல்கள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள், தெரியும். திறமை ஆட்டம் என்று ஆகிவிட்டால் பதினோராவது பிரிவு எல்லாவற்றையும் மூடிவிடுகிறது, லாபம் எடுத்தாலும் குற்றமில்லை என்பார்கள். அப்படியானால் சத்தியநாராயணா தீர்ப்பின் அந்த இரண்டாம் பாதி எதற்கு? ரம்மி திறமை ஆட்டம் என்று சொன்ன அதே பேனாதானே, ரம்மியிலிருந்து கிளப் லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்றும் எழுதியது? இதற்கு எனக்குப் பதில் சொன்ன வக்கீல் இதுவரை கிடைக்கவில்லை. உங்கள் கட்டுரையில் பேசியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

அரசாங்கம் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. 1930 சட்டத்திலும் சென்னைக்கான 1888 சட்டத்திலும் ஒரு விளக்கம் சேர்த்தால் போதும். நாற்காலிக்கோ மேஜைக்கோ மணிக்கணக்கில் ஒரே தொகை வாங்கினால் அது கிளப். பந்தயக் குவியலில் இருந்து எத்தனை சதவீதம் எடுத்தாலும் அது சூதாட்ட விடுதி, ஆட்டம் போக்கரோ ரம்மியோ எதுவானாலும். ஆடுகிறவனுக்குச் சிப்ஸ் கடன் கொடுப்பது தனிக் குற்றம். புளியமரத்தடி ஆறு பேரை விட்டுவிடலாம் என்றுகூட ஆசை, ஆனால் அதைக் கேட்டால் என் முந்தைய உத்தியோகத்துக்கு அழகில்லை.

இங்கே எங்கள் மனமகிழ் மன்றத்தைப் பற்றியும் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு மரியாதை இல்லை. நான் சேர்ந்தபோது ஞாயிறுக்கு ஆளுக்கு இருபது ரூபாய் மேஜைக் காசு. டீ உண்டு. நாலு மேஜை, மேஜைக்கு ஆறு பேர், ஒரு நாளைக்கு 480 ரூபாய். இரவு ஒன்பதடித்தால் வாட்ச்மேன் வந்து மெயினை அணைத்துவிடுவார். ஜோக்கர் கையில் இருக்கிறது என்று கெஞ்சினாலும் அசைய மாட்டார். பத்து வருஷத்துக்கு முன்னால் கூரை ஒழுகியது, சொத்துவரி பாக்கி விழுந்தது. கமிட்டி கூடி, மேஜைக் காசை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்தவர் பத்து ரூபாய் கிளப் டப்பாவில் போட வேண்டும் என்று மாற்றினார்கள். நானும் கை தூக்கினேன். மேஜைக்கு மணிக்கு எட்டு ஆட்டம், ஐந்து மணி நேரம், நாலு மேஜை என்று கணக்குப் போட்டால் 1,600 ரூபாய். கூரை ஒரே வருஷத்தில் சரியாகிவிட்டது. பத்து ரூபாய் வசூல் மட்டும் நிற்கவில்லை. ஒன்பது மணிக்கு மெயினை அணைக்கும் வழக்கம் எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. இப்போது பதினொன்றரை ஆகிறது.

சென்னையிலிருந்து வந்ததும் பொதுக்குழுவில் எழுந்து, பழையபடி மேஜைக் காசுக்கே போய்விடுவோம், ஆளுக்கு ஐம்பது ரூபாய் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் கொடுத்தேன். டைரியையும் காட்டினேன். நாங்கள் போக்கர் ஆடவில்லையே என்றார் செயலாளர். நூற்றுக்கு ஐந்து எடுக்கவில்லையே, பத்து ரூபாய்தானே என்றார் பொருளாளர். ஐம்பது ரூபாய் அதிகம் என்றார், ஒரே ஞாயிறில் எண்ணூறு ரூபாய் விடுகிற ஒரு நண்பர். தீர்மானத்துக்கு ஆதரவாக நாலு கை, எதிராகப் பதினேழு.

அடுத்த ஞாயிறு வழக்கம்போலப் போனேன். வேறு எங்கே போவது? இரண்டு ஜோக்கர் வந்தும் நேர் வரிசை சேராமல், எண்பது புள்ளி கொடுக்க மனமில்லாமல், நாற்பதோடு பாதியில் விலகும் மிடில் டிராப் சொல்லிக் கவிழ்த்தேன். ஜெயித்தவர் பொருளாளர். பத்து ரூபாயை எடுத்து என் முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டிவிட்டு, "ஐயா பெட்டிக்கு" என்று டப்பாவில் போட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.

(பெயரும் ஊரும் உங்களுக்குத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். வெளியிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்கு நாற்காலி வேண்டும்.)